கைகழுவிய நீர்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே, ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில் உள்ளது. குசினித் தொட்டியின் அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அரிசி களைந்த நீர், கறிச்சட்டி கழுவிய நீர், சவர்க்கார நுரை எல்லாம் அதனுள் இறங்கிக் கணப்பொழுதில் மறைந்துவிடுகின்றன. அவற்றோடு அவற்றைப் பற்றிய நினைவும் மறைந்துவிடுகிறது. உண்மையில் அந்நீர் வெகுதொலைவு போவதில்லை. கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்கள் கடலைச் சேரும் இடங்கள் இரண்டு. வடக்கே முகத்துவாரம் ஒன்று. தெற்கே எங்கள் வெள்ளவத்தை மற்றொன்று. கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் சின்னம்மா கழுவி ஊற்றியதும் நாங்கள் கழுவி ஊற்றியதும் நகரின் இரு முனைகளால் வெளியேறி ஒரே கடலிற் கலக்கின்றன. மாலையிற் புகையிரதப் பாதையைக் கடந்து காற்று வாங்கச் செல்லும் அன்பர்களுள் எத்தனை பேர் இதனை எண்ணுகின்றார்களோ, அறியேன்.

ஒரு காரியத்தின் பொறுப்பை விட்டுவிடுவதைக் 'கைகழுவிவிட்டான்' என்று தமிழில் வழங்குகிறோம். கை கழுவினால் அழுக்குப் போயிற்று, தொடர்பும் போயிற்று என்பது அதன் கருத்து. கழுவிய நீர் எங்கே போயிற்று என்று மட்டும் அந்தச் சொல் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டிலே இவ்வாறு மறக்க வழியில்லை. கிணற்றடியிற் குளித்தால் நீர் சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழைப் பாத்தியில் நிற்கும். வாழைக்குப் பாய்ந்தது போதுமென்றால் தென்னைக்குத் திருப்பிவிடுவோம். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் ஒரே கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தேங்கிய மழைநீரே எல்லாருக்கும் உயிர். ஆகவே குளித்த நீர் கிணற்றுக்குத் திரும்பாதபடி கிணற்றைச் சுற்றிச் சாய்வாகச் சீமெந்து பூசியிருப்பார்கள். அதனை ஒரு விதியென்று எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. வாழை தழைத்ததை நாங்கள் கண்டோம், அவ்வளவுதான்.

கல்லூரியில் நான் இரசாயனம் கற்பிப்பவன். சவர்க்காரம் எவ்வாறு அழுக்கை நீக்குகிறது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது வழக்கம். நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உடைய அம்மூலக்கூறு எண்ணெயைப் பற்றி இழுத்து நீரோடு சேர்த்துவிடுகிறது. அழுக்கைப் பற்றிக்கொண்ட மூலக்கூறு அடுத்து என்ன செய்கிறது என்ற வினா எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. அவ்வினாவைச் சந்திக்க நான் கதிர்காமத்துக்கு நடந்து போகவேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதக் கடைசியில், உறவினரும் நண்பருமாக இருபத்திரண்டு பேர் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்றோம். செல்வச் சந்நிதியிற் புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து வரும் அடியார்களின் முன்னே எங்களுடையது யாத்திரையென்று சொல்லவே கூச்சமாக இருந்தது. நாங்கள் வாகனத்தில் வந்து உகந்தையில் இறங்கி, கடைசி ஐந்து நாள் நடையை மட்டும் மேற்கொண்டவர்கள். ஆயினும் காட்டு வழி அந்த ஐந்து நாட்களில்தான் இருக்கிறது. உகந்தை முருகன் ஆலயத்துக்கு அப்பால் குமண தேசியப் பூங்கா. குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் மாத்திரமே நடைப்பயணிகளுக்கு அவ்வழி திறக்கப்படுகிறது. போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை அப்பூங்கா மூடப்பட்டுக் கிடந்தது. கிழக்கு யால என்ற பழைய பெயர் 2006இல் குமண என மாற்றப்பட்டது. அங்குள்ள ஈரநிலங்கள் 2010இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தன. இவ்வளவு பாதுகாப்புடைய காட்டினுள்ளே ஆயிரக்கணக்கானோர் அடுத்தடுத்து இறங்கி, உண்டு, குளித்து, துவைத்து, உறங்கி எழுந்து போகின்றனர்.

உகந்தையில் எங்கள் மூட்டைகளைப் பார்த்துப் பொலித்தீன் பைகளை நிறுத்தினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பொலித்தீன் கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஆண்டும் முட்செடியிலே தொங்கிக் காட்டிக் கொடுக்கும். சவர்க்காரக் கட்டியை எவரும் தடுக்கவில்லை. அது தடயமின்றிக் கரைந்துபோகும் பொருளல்லவா!

எங்கள் கூட்டத்தில் என் மனைவியின் தம்பியும் இருந்தான். கனடாவில் வாழ்பவன், கோடை காலத்தில் மனைவி மக்களோடு வாகன வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காடு மலையெல்லாம் சுற்றுபவன். படுக்கை, அடுப்பு, குளியலறை அனைத்தையும் சில்லுகளின் மேல் ஏற்றிய அந்த வாகனத்தைப் பற்றி அவன் சொல்லக் கேட்பது ஒரு சுவை. அதன் வயிற்றில் மூன்று தாங்கிகள் உள்ளனவாம். ஒன்றில் நல்ல நீர். மற்றொன்றில் மலசலகூடத்து நீர்; அதனைக் கருநீர் என்பார்கள். மூன்றாவது, கை கழுவிய, பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கானது. முழுக் கருப்புமல்ல, தெளிவுமல்ல. ஆகவே அதற்குச் சாம்பல்நீர் என்று பெயர்.

"அந்தச் சாம்பல்நீரைக் காட்டுக்குள்ள திறந்து விடேலாது, அத்தான்," என்றான் அவன். "அதுக்கெண்டு கட்டின இடத்துக்குக் கொண்டு போய்த்தான் ஊத்தவேணும். முதல்ல கருநீரை விட்டிட்டு, பிறகு சாம்பல்நீரை விட்டால் குழாயும் கழுவுப்படும்."

சாம்பல்நீர்தானே, பெரிய தீங்கென்ன என்று நினைத்து அதனை நாட்கணக்கில் தாங்கியில் வைத்திருந்தால் மூக்கைப் பிடிக்கவேண்டி வருமாம். அதற்கு இரசாயனக் காரணம் உண்டு. சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தோலின் அழுக்கும் பற்றீரியாக்களுக்கு விருந்து. ஒரு நாள் கடந்தால் நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். பிறகு ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தலையெடுத்துத் துர்நாற்றத்தை உண்டாக்கும். ஆனால் அவன் சொன்னவற்றுள் என் மனத்திற் பதிந்தது வேறொன்று. தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறதென்று காட்டும் சிறு விளக்குகள் அந்த வாகனத்தில் உண்டாம். வீட்டிலே அரை மணிநேரம் குளிக்கும் அவனுடைய பிள்ளைகள் அந்த விளக்கைப் பார்த்தவுடன் இரண்டு நிமிடத்திற் குளித்து வெளியே வருவார்களாம்.

எங்களிடம் வாகனமும் இல்லை, தாங்கியும் இல்லை. உகந்தையிற் படுத்த இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளிக்க ஆளுக்கு 8 லீற்றர். இருபத்திரண்டு பேருக்கு 176. கிடாரமும் சட்டிகளும் கழுவ, இரு வேளைக்கு 50. ஆக ஒரு நாளைக்கு 226 லீற்றர், அதாவது ஒரு பரல் நிரம்பி வழியும் அளவு. ஆயிரம் பேர் ஒரே துறையில் இறங்கும் நாளில் அது பதினாயிரம் லீற்றரைத் தாண்டும். பெரிய பவுசர் ஒன்றைப் பின்பக்கமாக ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து திறந்துவிடுவதற்கு ஒப்பானது அது. பவுசரைக் கண்டால் ஊரே திரண்டு மறிக்கும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு வாளியாக ஊற்றும்போது மறிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

குமுக்கன் ஆற்றை இரண்டாம் நாள் அடைந்தோம். இருகரையிலும் வெண்பட்டை உரிந்த மருதமரங்கள். மருதுக்குச் சிங்களத்தில் கும்புக் என்று பெயர். ஆற்றின் பெயரும் அதுவே. அந்தப் பருவத்தில் கிழக்கில் மழை இல்லை. நாங்கள் கண்ட ஆறு நடுவே முழங்காலளவு நீரோடும், ஓரங்களில் ஓட்டமற்ற மடுக்களோடும் கிடந்தது. எங்களுக்கு முன்னே வந்த கூட்டமொன்று மேற்புறத்து மடுவில் இறங்கி நீராடிக்கொண்டிருந்தது. சிறு பைகளில் அடைத்த தலைமுழுக்குத் திரவம், நீல நிறச் சவர்க்காரம், துவைத்த வேட்டிகள். கீழ்ப்புறத்தில், ஐம்பது அடி தூரத்தில், மட்டக்களப்புப் பகுதியிலிருந்து தனியாக வந்த மூதாட்டி ஒருவர் குடிநீருக்காகக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வழியில் எல்லாரும் அவரைப் 'பெத்தா' என்றே அழைத்தோம்.

"மேல குளிச்சி முடியட்டும் மனே," என்றார். "நுரை போனாப் பிறகு அள்ளுவம்."

நுரை போகவில்லை. அரை மணிநேரம் கழித்தும் மருதின் வேர்களுக்கிடையே வெள்ளையாக ஒதுங்கி நின்றது. அந்தக் கூட்டத்தின் தலைவரிடம் சென்று பேசினேன். படித்தவர், பண்பானவர். "ஆறுதானே ஐயா, எல்லாத்தையும் கொண்டுபோயிடும்," என்றார். நான் ஒரு காய்ந்த இலையை மடுவின் நடுவே இட்டேன். அது இட்ட இடத்திலேயே சுழன்றுகொண்டு நின்றது. ஓடுகின்ற ஆறு கொண்டுபோகும் என்பதும் முழு உண்மையன்று. கீழே உள்ளவரிடம் கொண்டுபோகும் என்பதே சரி. நிற்கின்ற மடுவோ எங்கும் கொண்டுபோவதில்லை. மாலையில் மானும் மரையும் யானையும் அந்த மடுவையே நாடி வரும். அவற்றுக்குப் போத்தல் நீர் கிடையாது.

அவர் இன்னுமொன்று கேட்டார்: "இது இயற்கைச் சவர்க்காரம், எளிதில் மக்கிப்போகும் என்று எழுதியிருக்கிறதே?" இது நியாயமான கேள்வி. மக்கும் என்பது மண்ணிலே மக்கும் என்ற பொருளில் எழுதப்பட்டது. காற்றோட்டமுள்ள மேல்மண்ணிலே நுண்ணுயிர்கள் கணக்கற்றவை. சவர்க்காரத்தைச் சில நாட்களிலோ வாரங்களிலோ தின்று தீர்த்துவிடும். ஆற்று நீரில் அதே வேலையைச் செய்ய நுண்ணுயிரும் குறைவு, ஒட்சிசனும் குறைவு. இருக்கிற ஒட்சிசனைச் செலவிட்டால் மீன்கள் மூச்சுக்குத் திணறும். துணி துவைக்கும் தூள்கள் சிலவற்றிலுள்ள பொசுபேற்று பாசியை வளர்க்கும்; அந்தப் பாசி அழுகும்போது எஞ்சிய ஒட்சிசனும் போகும். சீயாக்காய், பூந்திக்கொட்டை ஆகியன நம் முன்னோர் பொருள்களாதலால் ஆற்றுக்குத் தீங்கில்லை என்று கருதுவோர் பலர். அவற்றின் நுரைக்குக் காரணமான சப்போனின் மீனின் செவுள்களுக்கு நஞ்சு. நுரைக்கும் காய்களை நீரிற் பிசைந்து மீன் பிடிக்கும் பழைய முறை உலகில் பல நாடுகளில் இருந்தது. பழைமை என்ற ஒன்றே நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடாது.

என் பேச்சைக் கேட்டு அக்கூட்டத்துப் பெண்கள் சிலர் துவைத்தலை நிறுத்திக் கரையேறினர். தலைவர் மட்டும் குளித்து முடித்துவிட்டே வந்தார்.

அன்று நாங்கள் கைக்கொண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாணவர் சாரணப் பாசறைக்கும் குடும்பத்தார் வனச் சுற்றுலாவுக்கும் போகும்போது உதவக்கூடும். நீர்க்கரையிலிருந்து இருநூறு அடி, அதாவது 60 மீற்றர், விலகிச் சென்றே சவர்க்கார நீரை ஊற்றவேண்டும் என்பது அமெரிக்காவில் 'தடம் விடாதே' என்ற கொள்கையை வகுத்தோர் கூறும் அளவு. வளர்ந்தவர் நடையில் எழுபத்தைந்து எட்டு. முதலில் வாளியில் நீரெடுத்து மேலே போய், காலுக்குப் பூசிய தைலத்தையும் கொசுவுக்குப் பூசிய களிம்பையும் கழுவி, சவர்க்காரம் வேண்டுமானால் அங்கேயே தேய்த்து ஊற்றிக்கொள்ளவேண்டும். உடம்பு சுத்தமான பின்னர் ஆற்றில் இறங்கி எத்தனை முறை மூழ்கினாலும் குறையில்லை. தீர்த்தமாடுதல் என்பது மூழ்குதல்தான்; நுரைத்தல் அதில் எங்கே இருக்கிறது?

ஆற்று மணலில் ஊற்றினாற் போதாதா என்று என் மனைவி கேட்டாள். மணல் நீரை உடனே குடித்துவிடுவதைக் கண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மணல் நீரை வேகமாகக் கீழே விடுமேயன்றி நுண்ணுயிர் தின்பதற்கு நேரம் கொடாது. அதே மணலிலேதான் நாம் குடிப்பதற்காக ஊற்றுத் தோண்டுகிறோம். இலைச்சருகு மக்கிய காட்டு மண்ணே இதற்கு ஏற்றது. அதிலும் எல்லா நீரையும் ஒரே இடத்திற் கொட்டினால் சேறாகும். வீசித் தெளித்தால் மண் தாங்கிக்கொள்ளும்.

பாத்திர நீர்தான் பெருந்தொல்லை. கறிச்சட்டியை முதலில் மணலாலும் இலையாலும் துடைத்துவிட்டால் பாதி நீர் மிச்சம். கழுவிய நீரை ஒரு பழைய வேட்டித் துண்டினால் வடித்து, துண்டில் எஞ்சிய பருக்கையையும் கறிவேப்பிலையையும் மூடியுள்ள தகர டின்னில் இட்டு எங்களோடு எடுத்துச் சென்றோம். புதைத்தாற் பன்றி கிளறும். மணம் பிடித்துக் கரடியும் வரும். இன்று நாம் போட்ட பருக்கைக்காக நாளை இரவு அவ்விடத்துக்கு வரும் கரடி, அங்கே வேறொரு குடும்பம் படுத்திருப்பதைக் காணும்.

இவ்வளவையும் எழுதிய பின் ஒன்றை மறைத்தல் கூடாது. அறுபது மீற்றர் என்பது கனடாவின் பாசறையில் எளிய காரியமாக இருக்கலாம். குமுக்கன் கரையில் அது யானையின் வாசலுக்கு நடப்பதாகும். பொழுது சாய்ந்த பின் ஆற்றங்கரையை விட்டு எவரும் விலகக்கூடாது என்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். அது சரியான எச்சரிக்கை. குழந்தையோடு வந்த தாயிடம் இருட்டில் எழுபத்தைந்து எட்டு உள்ளே போய்த் துணி அலசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனவே பகல் நான்கு மணிக்குள் குளிப்பும் கழுவலும் முடியும்படி எங்கள் நடையின் நேரத்தையே மாற்றிக்கொண்டோம். நால்வர் நால்வராக, பேசிக்கொண்டே, வெளிச்சமான திசையிற் சென்றோம். காடு நெருங்கி நின்ற நாவலடியில் சவர்க்காரத்தைத் தொடாமலே இருந்துவிட்டோம். இரண்டு நாள் சவர்க்காரமின்றி இருந்தால் மனிதன் கெட்டுப்போவதில்லை. என் மகள் மட்டும் இதனை ஒப்புக்கொள்ளவில்லை.

பெத்தாவிடம் இந்த விதிகள் எதுவும் இல்லை. அவருடைய மூட்டையிற் சவர்க்காரமே இல்லை. ஏன் என்று கேட்டேன். "இது வள்ளியம்மா குளிக்கிற தண்ணி மனே, அதில நாம ஊத்தையக் கழுவுறதா?" என்றார். தம் சேலையைக் கூடக் கரையேறி, மரத்தடியில் ஒரு குடம் நீரில் அலசிப் பிழிந்தார். அவருக்கு இரசாயனம் தெரியாது; ஆனால் செய்தது இம்மியும் பிசகாத செயல். வெற்றிலைச் சாற்றை மட்டும் ஆற்றோரத்திலேயே உமிழ்வார். வள்ளியம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை போலும், நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கட்டகாமம் கடந்து கதிர்காமத்தை அடைந்தோம். மாணிக்க கங்கையின் இருகரையும் மனிதத் தலைகள். காட்டிற் காப்பாற்றி வந்த நியமம் நகரத்தின் படித்துறையில் நிற்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை. எங்கு நோக்கினும் நுரை. எழுபத்தைந்து எட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் இன்னொரு குடும்பத்தின் பாயை மிதிக்கவேண்டும். இத்தகைய இடத்தில் தனியொருவர் செய்யக்கூடியது சிறிது. துறையை விட்டு விலகிக் குளிப்பறைகளும், அவற்றின் நீரைச் சரளையும் மண்ணும் கொண்ட பாத்திகளிற் பாய்ச்சும் வாய்க்கால்களும் அமைத்தாலன்றி வெறும் புத்திமதி பயன் தராது. வாழைப் பாத்தி அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய வித்தையன்று. ஏனெனில் அந்தக் கங்கை கதிர்காமத்தோடு முடிவதில்லை. அங்கிருந்து மீண்டும் யாலக் காட்டினுள் நுழைந்து, நாங்கள் ஐந்து நாளும் அஞ்சி ஒதுங்கிய அதே விலங்கினங்களுக்கு நீரூட்டிவிட்டே கடலைச் சேர்கிறது.

கூட்டத்தில் எங்களைத் தேடிப் பிடித்துப் பெத்தா வந்தார். ஐந்து நாள் புழுதி படிந்த சேலை. சந்நிதிக்குப் போகுமுன் மாற்றவேண்டும். துறையைப் பார்த்தார், மேலே மரங்கள் நின்ற மேட்டைப் பார்த்தார்.

"அந்த வாளியக் கொஞ்சம் தாங்க மனே," என்றார்.

கொடுத்தேன். நீரை முகந்துகொண்டு, படிகளில் ஒவ்வொருவராக விலக்கி, மெல்ல மேலே ஏறிப் போனார்.